தூத்துக்குடிப் பதிவு பிக்கப்: வாங்காமல் வந்த ஒரு வண்டியின் கதை

அந்த வண்டியின் இன்ஜினில் இன்றுவரை எனக்கு ஒரு குறை சொல்லத் தெரியவில்லை. நான் ஏமாற இருந்ததும் அந்த இன்ஜினால்தான்.

ஒட்டன்சத்திரத்தில் இருபத்திரண்டு வருடமாக டீசல் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு, நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் மூக்கு), ஹெட் வேலைதான் பிழைப்பு. யாராவது பழைய வண்டி வாங்கப் போனால் கூட வரச் சொல்லிக் கூப்பிடுவார்கள். போவேன், காது கொடுத்துக் கேட்பேன், "எடுக்கலாம்" அல்லது "வேண்டாம்" என்று சொல்வேன். 2024 தீபாவளி முடிந்த வாரம் கூப்பிட்டது வெளியாள் இல்லை, என் தங்கை வீட்டுக்காரர்.

மாப்பிள்ளைக்குக் காய்கறி வியாபாரம். கள்ளிமந்தையம் பக்கத்துத் தோட்டங்களில் முருங்கையும் தக்காளியும் எடுத்து மார்க்கெட்டில் கமிஷன் கடைக்குப் போடுவார். வாடகை வண்டி வைத்தே எட்டு வருடம் ஓட்டிவிட்டார். வாடகைக்குக் கொடுத்த காசில் இந்நேரம் ஒரு வண்டி நின்றிருக்கும் என்று தங்கை வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே நகையை வங்கியில் வைத்து மூன்றேகால் லட்சம் எடுத்தாள். மிச்சம் கைக்காசு. மொத்தம் ஐந்து லட்சத்துக்குள் முடிக்க வேண்டும். பணம் அவளுடையது என்பதால் வண்டி பார்க்க நானும் வருவேன் என்று அவளும் கிளம்பிவிட்டாள். அவளைக் கூட்டிப் போனது எவ்வளவு நல்லது என்று அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது.

வண்டி மதுரை சுற்றுச்சாலையில் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி விற்றுக் கொடுக்கும் கடையில், நின்றது. தயாரித்த கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. குறை கம்பெனியின்மேல் இல்லை, அந்த ஒரு வண்டியின் வாழ்க்கையில்தான். இரண்டரை லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ போட்ட காமன் ரெயில் டீசல், அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அழுத்தத்தோடு டீசல் போகும் வகை. 2018 மார்ச்சில் பதிவு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வருவதற்கு முந்தைய பி.எஸ்.4 வண்டி. புகைக்குழாயில் வடிகட்டி, அதைச் சுற்றி நாலு சென்சார் என்ற தொல்லை இல்லாததால் எங்கள் பக்கம் பி.எஸ்.4 பிக்கப்புக்கு இன்னும் மவுசு உண்டு. கேட்ட விலை 5,35,000.

முதல் நாள் ராத்திரியே நம்பரை வாங்கி அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தேன். இதைச் செய்யாமல் பஸ் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உரிமையாளர் பெயர் பாதி நட்சத்திரமாக மறைந்துதான் வரும். அது போகட்டும், மற்ற விவரங்கள் போதும். எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, 2026 மார்ச் வரை இருந்தது. சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்கப்புறம் வருடா வருடம். ஆக இந்த வண்டியை வாங்குகிறவர் ஒன்றேகால் வருடம் நிம்மதியாக ஓட்டலாம், பிறகு ஆண்டுதோறும் ஆர்.டி.ஓ. வாசலில் நிற்க வேண்டும். இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தது. மொத்த எடை மூன்று டன்னைத் தாண்டுவதால் பெர்மிட்டும் உண்டு. மூவாயிரம் கிலோவுக்குள் இருக்கும் சின்ன யானை மாதிரி வண்டிகளுக்குச் சட்டத்திலேயே பெர்மிட் தேவையில்லை. இதற்குத் தேவை, ஆர்.சி.யோடு சேர்த்து அதையும் தனியாக மாற்ற வேண்டும்.

இரண்டு விஷயம் இடறின. கன்சல்டிங்காரர் போனில் "செகண்ட் ஓனர்" என்றார், பதிவில் மூன்று. அப்புறம் ஒரு பைனான்ஸ் கம்பெனியின் அடமானம் இன்னும் நீங்கவில்லை. கேட்டதற்கு, "என்.ஓ.சி. வந்துக்கிட்டே இருக்குண்ணே" என்றார். கடன் பாக்கி இல்லை என்று பைனான்ஸ்காரர் தரும் கடிதம் அது. வந்துகொண்டே இருக்கும் என்.ஓ.சி.களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடமானத்தை நீக்க பைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் 35 கைக்கு வராமல் முழுப் பணத்தை எண்ணக்கூடாது என்று மாப்பிள்ளையிடம் அப்போதே சொல்லிவிட்டேன். பதிவு எண் டி.என். 69, தூத்துக்குடி. அதைப் பார்த்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

காலை ஆறே முக்கால்

டீசல் வண்டியைக் குளிர்ந்த இன்ஜினோடுதான் பார்க்க வேண்டும். கடையில் எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள், நாங்கள் ஆறே முக்காலுக்கே போய் இறங்கிவிட்டோம். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பையன் எங்களைப் பார்த்ததும் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். "தம்பி, சாவியைத் தொடாதே, நான் பார்த்துக்கிறேன்" என்று நிறுத்தினேன். பானெட்டைத் தூக்கி எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில் உள்ளங்கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. சூடாக இருந்திருந்தால் டீ குடித்துவிட்டு மத்தியானம் வருகிறேன் என்று கிளம்பியிருப்பேன். கம்ப்ரஷன் குறைந்த இன்ஜினும் தேய்ந்த நாசிலும் சூட்டில் ஒழுங்காக நடிக்கும், குளிரில் நடிக்க முடியாது.

ஆயில் கம்பியை எடுத்துப் பார்த்தேன். கறுப்பு. டீசலில் ஆயில் மாற்றிய மறுவாரமே கறுத்துவிடும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது மூடியின் அடியில் பால்கோவா மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால். தண்ணீர் ஆயிலோடு கலக்கிறது என்று அர்த்தம். அப்படி இல்லை. கூலண்ட் டப்பா பச்சையாக, மேலே எண்ணெய்ப் படலம் இல்லாமல் இருந்தது.

சாவியைத் திருப்பினேன். முக்கால் சுற்றில் பிடித்துக்கொண்டது. பின்னால் மாப்பிள்ளை புகைக்குழாய்க்கு நேராக ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் சொல்லிக்கொடுத்த வேலை. முதல் இரண்டு வினாடி லேசான வெள்ளைப் புகை, அப்புறம் ஒன்றுமில்லை. நீலமாக வந்திருந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ டர்போ சீலோ போயிருக்கிறது. வெள்ளை நிற்காமல் வந்து மூக்கில் இனிப்பாக ஏறினால் கூலண்ட், ஹெட் கேஸ்கட் வேலை. இது எதுவும் இல்லை. ஆக்சிலேட்டரை அழுத்தியபோது கொஞ்சம் கறுப்பு, அதுவும் உடனே அடங்கியது.

அடுத்து எனக்குப் பிடித்த சோதனை. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேலேயே தலைகீழாக வைத்துவிட வேண்டும். ரிங் தேய்ந்த இன்ஜினில் எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி, அந்த வாய் வழியாக மேலே வரும். பட்டறைப் பாஷையில் பேக் கம்ப்ரஷன். மோசமான இன்ஜின் மூடியைத் தட்டிவிட்டுப் புஸ்புஸ்ஸென்று புகைவிடும், பழைய நிலக்கரி ரயில் மாதிரி. இதில் மூடி லேசாகத் துடித்தது, அவ்வளவுதான். ஆயில் கம்பிக் குழாயிலிருந்தும் புகை இல்லை.

நாசில் ரிட்டர்னையும் பார்த்தேன். நாலு நாசிலிலிருந்தும் மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, நாலு சின்ன பிளாஸ்டிக் குப்பியில் விட்டு, இன்ஜினை ஐடிலில் இரண்டு நிமிடம் ஓட்டினால் போதும். எந்தக் குப்பி மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அந்த நாசில் உள்ளுக்குள் தேய்ந்துவிட்டது. (அந்தக் காலத்தில் ஓடுகிற இன்ஜினில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்ப்போம். காமன் ரெயிலில் அந்த வேலை கூடாது. ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும், பீய்ச்சும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். ரிட்டர்ன் பக்கம் மட்டும்தான் கை வைக்கலாம்.) நாலு குப்பியும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி விரலால் ஷாஃப்டை ஆட்டினேன். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருந்தது, அது இருக்கலாம். முன்னும் பின்னுமாக இழுத்தால் அசையவே இல்லை.

எனக்கு மனசுக்குள் ஒரே சந்தோஷம். இப்படி ஒரு இன்ஜின் பழைய பிக்கப்பில் கிடைப்பது அபூர்வம்.

மீட்டர்

மீட்டரில் 86,214. ஆறரை வருடம் ஓடிய சரக்கு வண்டிக்கு இது நம்பும்படியான கணக்கு இல்லை. ஒரு பிக்கப் நாளைக்கு 150 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடினால் வருடத்துக்கு 45,000. கிளட்ச் பெடலின் ரப்பர் இடது ஓரத்தில் வழுவழுவென்று தேய்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது. ஸ்டியரிங்கில் வலது கை பிடிக்கும் இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. சீட்டுக்கு மட்டும் புது உறை.

சந்தேகம் எல்லோருக்கும் வரும், எண்ணைக் கண்டுபிடிப்பதில்தான் கொஞ்சம் வேலை இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஆயில் ஃபில்டர் மாற்றும்போது மார்க்கரில் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடுவோம். ஆயில் ஃபில்டரில் ஒன்றுமில்லை, அதைத் துடைத்திருந்தார்கள். டீசல் ஃபில்டரின் பின்பக்கம், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) பார்த்த மாதிரி, செல்போனை உள்ளே விட்டுப் படம் எடுத்தேன். மங்கலாக நீல மையில் "2,31,…" என்று இருந்தது, மிச்சம் அழிந்துவிட்டது. அந்த ஃபில்டர் எப்போது மாட்டியது என்று தெரியாது. குறைந்தபட்சம் இரண்டேகால் லட்சம் ஓடிய வண்டி என்பது மட்டும் நிச்சயம்.

படத்தைக் காட்டினேன். "அது பழைய ஃபில்டரா இருக்கும்ணே, வேற வண்டியில கழட்டி மாட்டியிருப்பாங்க" என்றார். டீசல் ஃபில்டரை யாரும் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்ட மாட்டார்கள். ஆனால் நான் சண்டைக்குப் போகவில்லை. இரண்டேகால் லட்சம் ஓடியும் இன்ஜின் இப்படி இருக்கிறதென்றால் ஆயில் ஒழுங்காக மாற்றி வைத்திருந்தவன் கையில் இருந்திருக்கிறது என்று எனக்கு நானே சாதகமாக நினைத்துக்கொண்டேன். அதில் தப்பில்லை, நிஜமாகவே அப்படித்தான் இருந்திருக்கும். மீட்டரைத் திருப்புகிறவன் வேறு எதைத் திருப்பியிருப்பான் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஓட்டிப் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் கியரில் ஹேண்ட்பிரேக் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் உடனே அணைந்தது, கிளட்ச் பிளேட் வழுக்கவில்லை. பின் ஆக்சிலில் கிரவுன் பல்சக்கரச் சத்தம் இல்லை. கியர் போடும்போது அடியில் "டங்" என்று ஒரு அடி, புரொபெல்லர் ஷாஃப்டில் யு.ஜே. கிராஸ் என்ற இணைப்பு மூட்டு ஒன்று போயிருந்தது, அது சின்ன வேலை. பிரேக் நேராகப் பிடித்தது. டயர் ஐந்தில் மூன்றில் 2319 என்று இருந்தது. 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்த டயர், பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆயுள் முடிந்த ரப்பர். இதையெல்லாம் விலையில் கழித்துக்கொள்ளலாம்.

சேசிஸ் எண்ணைச் சரிபார்த்தேன். வண்டியின் அடியில் நீளமாக ஓடும் இரும்புச் சட்டம்தான் சேசிஸ். அதன் முன்பக்க வலது சட்டத்தில் சக்கரத்துக்குப் பின்னால் எண் பொறித்திருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பேப்பர் வைத்துப் பென்சிலால் உருட்டி எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டேன். பதினேழு எழுத்தும் சரி. எண்ணைச் சுற்றிக் குத்தலோ வெல்டிங்கோ இல்லை. சட்டமும் அந்த இடத்தில் புதுசு மாதிரி சுத்தமாக இருந்தது.

அங்கேதான் சறுக்கினேன். இன்ஜினுக்குப் பக்கத்தில் உள்ள சட்டத்தில் ஆறு வருடமாக ஆயில் ஆவி படிந்து படிந்து ஒரு தோல் மாதிரி காக்கும். எந்தப் பழைய வண்டியிலும் அந்த இரண்டடி நல்லதாகத்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாததில்லை. பட்டறையில் ஆயிரம் தடவை பார்த்தது. ஆனாலும் நல்ல இன்ஜினைப் பார்த்த மயக்கத்தில், எண் பொறித்த இடம் சுத்தம் என்றால் சேசிஸே சுத்தம் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. மாப்பிள்ளையிடம் கண்ணைக் காட்டினேன். பேசிப் பார்த்து நாலே முக்கால் லட்சத்தில் முடிக்கலாம் என்று அர்த்தம்.

செதில்

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, சடசடவென்று பத்து நிமிடம் அடித்துவிட்டு நின்றது. நாங்கள் ஷெட்டுக்குள் விலை பேச உட்கார்ந்தோம். தங்கை மட்டும் வண்டியின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, இங்க கொஞ்சம் வாங்க."

போனேன். லோடு பாடியின் தரையில் புதிதாகக் கறுப்பு ரப்பர் மேட் போட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் அதன் அடியில் புகுந்து டெயில்கேட் ஓரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஜவுளி ஏத்துன வண்டின்னுதானே சொன்னாங்க? ஜவுளி ஏத்துன வண்டியில எதுக்குண்ணா மீன் வாசம் வருது?"

எனக்கு முதலில் வரவில்லை. பட்டறைக்காரன் மூக்கில் டீசல் தவிர வேறு எதுவும் ஏறாது. குனிந்து சொட்டுகிற இடத்தில் முகர்ந்தேன். வந்தது. பழைய, காய்ந்து நனைந்த கருவாட்டு வாசனை. தங்கை மேட்டின் மூலையைத் தூக்கினாள். அடியில் செக்கர் பிளேட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். டெயில்கேட் கீல் மடியும் இடுக்கில் பிரஷ் போகாத இடத்தில் ஏதோ மினுங்கியது. ஹேர்பின்னால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். சுண்டுவிரல் நகம் அளவு, ஓரம் வளைந்த, கண்ணாடி மாதிரி ஒன்று. மீன் செதில். பெயிண்ட் அதன் ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்தது.

டி.என். 69 அப்போதுதான் எனக்குள் முழுசாக இறங்கியது. தூத்துக்குடிப் பதிவு என்பதால் மட்டும் வண்டி மீன் ஏற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே துறைமுக வேலை உண்டு, உப்பளம் உண்டு, ஜவுளிக் கடையும் உண்டு. ஆனால் பதிவு, வாசனை, செதில், புது மேட் நாலும் ஒரே பக்கம் கை காட்டின.

மீன் வண்டி என்றால் அதில் என்ன தப்பு என்று கேட்கலாம். கடல் மீனை நொறுக்கிய ஐஸ் போட்டுப் பெட்டி பெட்டியாக அடுக்குவார்கள். கரையிலிருந்து உள்நாட்டு மார்க்கெட் போய்ச் சேரும்வரை ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும். உப்பும் இரத்தமும் கலந்த அந்தத் தண்ணீர் பாடித் தரையின் இடுக்கு வழியாக இறங்கி நேராகப் பின்பக்க சேசிஸ் சட்டத்தின் மேல் விழும். தினமும், வருடக்கணக்கில். மழைத் தண்ணீர் காய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே நின்று, ராத்திரி ஈரத்தை இழுத்து மறுபடி வேலையைத் தொடங்கும். முன்பக்கம் ஆயில் தோல் காக்கிறது, பின்பக்கத்துக்கு அப்படி ஒரு காவலும் இல்லை.

கீழே படுத்தேன். முழங்கால்வரை சேறு. கையில் டார்ச்சும் கால்கிலோ சுத்தியலும்.

மேலோட்டமாகப் பார்த்தால் பளபளவென்று கறுப்பு. எஃப்.சி.க்குக் காட்டுவதற்கு முன் அடிக்கிற சேசிஸ் பெயிண்ட், இதில் இன்னும் தடிப்பாக, தார் பூசிய மாதிரி. முன்னாலிருந்து தட்டிக்கொண்டே பின்னால் போனேன். கேபினுக்குக் கீழே "டிங், டிங்" என்று கோயில் மணி மாதிரி நல்ல இரும்பு பேசியது. பின் ஆக்சிலுக்கு மேலே வந்ததும் சத்தம் மாறியது, "தட், தட்", ஈர மண்பானையைத் தட்டுகிற மாதிரி. பாரம் அதிகம் வாங்கும் அந்த இடத்தில் சட்டத்துக்கு உள்ளே இன்னொரு தகடு வைத்து இரட்டையாகச் செய்திருப்பார்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகட்டுக்கும் நடுவே உப்பு போய்த் துருப்பிடித்து, வீங்கி, தகடுகளையே விரித்துவிட்டிருந்தது. ஓரத்தில் பிளவு தெரியாமல் பட்டி போட்டு மூடி, மேலே கறுப்பு அடித்திருந்தார்கள். ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினேன். பட்டி உதிர்ந்தது, அதன் பின்னால் இரும்பு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்து முகத்தில் கொட்டியது.

இடது பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் பிராக்கெட்டைச் சுற்றிப் புது வெல்டிங். கிராஸ் மெம்பரில் ஒரு ஓட்டை, கட்டைவிரல் போகும். இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது பிரேக் பைப். சட்டத்தின் உள்பக்கமாகப் பின் சக்கரத்துக்குப் போகும் அந்தச் சின்ன இரும்புக் குழாய் கிளிப் மாட்டியிருக்கும் இரண்டு இடத்தில் புண் பழுத்த மாதிரி வீங்கியிருந்தது. நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தது. காலையில் சுற்றுச்சாலையில் அறுபதில் போய்ப் பிரேக் அடித்துப் பார்த்து "நேராகப் பிடிக்கிறது" என்று சொன்னேனே, அது அந்தக் குழாயை நம்பித்தான். ஒரு டன் தக்காளியோடு ஒரு இறக்கத்தில் பெடலை ஓங்கி மிதிக்கும் நாள்தான் அது வெடிக்கும் நாள்.

எழுந்து வந்து கன்சல்டிங்காரரிடம் உதிர்ந்த அடுக்குகளைக் காட்டினேன். அவர் முகம் நிஜமாகவே மாறியது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவருக்கும் யாரோ இப்படிக் கறுப்பு அடித்துத்தான் தள்ளியிருப்பார்கள். ஆனால் மேட் அவர் போட்டது.

"அண்ணே, வெல்டிங் பண்ணிக்கலாம்ணே. நாலரைக்கு எடுத்துக்கங்க. இந்த இன்ஜின் வேற எங்கயும் கிடைக்காதுண்ணே."

கடைசி வாக்கியம் முழுக்க உண்மை. அதனால்தான் ஒரு நொடி தயங்கினேன். இன்ஜின் போனால் மாற்றலாம், கட்டலாம், போர் பண்ணலாம். சேசிஸ் அப்படியில்லை. துருப்பிடித்த தகட்டில் வெல்டிங் நிற்காது, நல்ல தகடு தேடி முன்னே முன்னே வெட்டிக்கொண்டே போக வேண்டும். முழுச் சட்டத்தையும் மாற்றலாம் என்றால் எண் பொறித்த இரும்பையே மாற்றுவதாகிவிடும், ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் நடக்காது. தங்கை என்னையோ வீட்டுக்காரரையோ பார்க்கவில்லை. "இல்லீங்க, வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் மாப்பிள்ளை, "மச்சான், நீங்க கண்ணைக் காட்டுனப்ப நான் ஆயிரம் ரூபா டோக்கனை எடுத்துட்டேன்" என்றார். வத்தலக்குண்டு வரை நான் ஒன்றும் பேசவில்லை.

இப்போது பழைய வண்டி பார்க்கப் போனால் பானெட்டை நான் கடைசியில்தான் திறக்கிறேன். முதலில் அடியில் படுக்கிறேன், அதுவும் பின்னாலிருந்து முன்னால். இன்ஜினைக் கேட்டுவிட்டால் எனக்குக் கண் மங்கிவிடுகிறது, அந்த பலவீனம் தெரிந்துபோயிற்று.

மூன்று வாரம் கழித்து

வாங்கியது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் வண்டி. அதே மாடல், 2017 டிசம்பர் பதிவு. தேங்காயும் மட்டையும் ஏற்றியது, பாடி முழுக்க மஞ்சி நார். மீட்டரில் 2,12,000 சொச்சம், சர்வீஸ் பில்கள் ஒரு மஞ்சள் பையில். சேசிஸ் முழுக்கச் செம்மண்தான், பெயிண்டே அடிக்கவில்லை. தட்டிப் பார்த்தால் கடைசிவரை "டிங்".

இன்ஜின் மதுரை வண்டியின் பக்கத்தில் நிற்காது. மூடியைத் தலைகீழாக வைத்தபோது குதித்துக் கீழே விழுந்தது. மூன்றாம் நாசிலின் குப்பி மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நிறைந்தது. காலையில் பிடிக்க இரண்டு தடவை உருட்ட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே காட்டி, 4,40,000 என்று முடித்தோம். அவரும், "ஆமாங்க, மூணு மாசமா மைலேஜ் குறையுதுங்க" என்று ஒத்துக்கொண்டார். நாசில் ஒன்று மாற்றினேன், கிளட்ச் பிளேட்டும் சேர்த்துப் போட்டேன். ரிங் வேலை இன்னும் ஒரு வருடத்தில் வரும், அது என் பட்டறையில்தான் நடக்கும்.

காகித வேலையில்தான் கொஞ்சம் இழுத்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் அவர் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிட்டோம். அடமானம் எதுவும் இல்லை. இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் பெயர் மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று. பெர்மிட்டை மறந்துவிட்டோம். அது ஆர்.சி.யோடு தானாக வந்துவிடும் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார், நான் சொல்லியும். அதற்காகப் பன்னிரண்டு நாள் வண்டி வாசலில் நின்றது. அந்த நாட்களிலும் காய்கறி வாடகை வண்டியில்தான் போயிற்று, தங்கை ஒரு வார்த்தை பேசாமல் வாடகைக் கணக்கை நோட்டில் எழுதி வைத்தாள்.

தை மாதம் இடது பின் ஹப்பில் சீல் கசிந்தது. ஒரு மத்தியான வேலை. சக்கரத்தைக் கழற்றிக் கீழே குனிந்தபோது பழக்க தோஷத்தில் சட்டத்தை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தேன். "போதும் மச்சான், காது வலிக்குது" என்றார் மாப்பிள்ளை.